கெணத்துல குதிச்சவன் சொல்றேன், கேட்டுக்க

அப்பு, நீ ஷார்ஜாவுலேருந்து அனுப்புன படத்தை டீக்கடையில வச்சுத்தான் பார்த்தேன். வீட்டுல பார்த்தா உங்கம்மா எட்டிப் பார்ப்பா. பெரிய ஜெட் விமானம் வாலுக்கு அடியில வாயைத் தொறந்து வச்சுருக்கு. கிழிஞ்ச மூட்டையிலேருந்து பொரி கொட்டுற மாதிரி ஆளுக கொட்டுறாங்க. கீழ நீ எழுதியிருக்கே, "அய்யா, இந்த மாதிரி ஒரு தடவையாச்சும் குதிச்சுப் பார்த்துடணும்"னு. பக்கத்துல பல்லைக் காட்டுற மஞ்ச மூஞ்சி வேற நாலு.

எனக்கு அந்த போன் கண்ணாடியில எழுத வராது. பட்டனை அமுக்கிக்கிட்டுப் பேசிட்டே போறேன். நீளமா இருக்குன்னு ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேக்காதே. அப்புறம் நான் சொல்றது உனக்குக் கோழி கேறுற மாதிரி இருக்கும், புத்தி சொன்னது எங்க, கொக்கரிச்சது எங்கன்னு பிரிக்க முடியாது.

குதிக்காதேன்னு சொல்லப்போறேன்னு நெனைச்சியா? நான் எதுக்குடா சொல்றேன். காசு உன்னுது, கை காலு உன்னுது. ஆனா குதிக்கிற சாதியில நானும் ஒருத்தன். தெக்குத் தோட்டத்துக் கெணத்துல மேட்டுலேருந்து தலைகீழாக் குதிச்ச உடம்பு இது. அந்த உரிமையில நாலு வார்த்தை.

போன வருசத்துக்கு முந்தின ஆயுத பூசை ஞாபகம் இருக்கா? 2024 அக்டோபர் 11. நீ அப்ப அங்க இருந்தே. நான் மண்வெட்டி, கடப்பாரை, மோட்டாரு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சுட்டு வாசல்ல ஒக்காந்து பொரி தின்னுட்டு இருக்கேன். திருச்சியிலேருந்து நீ வழக்கமாப் போற அதே ஷார்ஜா விமானம் 5.40 வாக்குல கெளம்பி மேல போச்சு. நமக்கு என்ன புதுசா? திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டுலதான் இருக்கு. ஏறுறதும் எறங்குறதும் நம்ம தலைக்கு மேலதான். ஆனா இது போகல. போன வண்டி திரும்பி வந்துச்சு. மறுபடி போச்சு. மறுபடி வந்துச்சு. செக்குமாடு கணக்கா நம்ம மாவட்டத்து வானத்தையே சுத்துது. உங்க அப்பத்தா, "டிரைவரு வழி தவறிட்டான் போல, யாராச்சும் கைகாட்டி விடுங்களேன்"ங்குறா.

அப்புறந்தான் டி.வி.யில சொன்னான். ஹைட்ராலிக்ல கோளாறு. உள்ள 140 பேருக்கு மேல. வயிறு நெறைய எண்ணெயோட எறங்கக் கூடாது. அந்த போயிங் 737-க்கு எண்ணெயைக் காத்துல ஊத்திவிடுற வசதியும் கெடையாது. சுத்திச் சுத்தி எரிச்சுத் தீர்த்துட்டுத்தான் எறங்கணும். ஊரே வாசல்ல நிக்குது. எதிர்த்த வீட்டுல மூணாவது படிக்கிற பய கேட்டான் பாரு ஒரு கேள்வி: "தாத்தா, ஆளுக்கொரு பாராசூட்டைக் குடுத்துக் குதிக்கச் சொன்னா என்ன? நம்ம வயல்லயே எறங்கிக்கலாம்ல?"

எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அறுத்த வயலு, வைக்கோல் மெத்து மெத்துன்னு கெடக்கு. அப்பத்தான் மேலத்தெரு மிலிட்டரிக்காரரு சிரிச்சாரு. அவருதான் உனக்குத் தெரியுமே, ஆக்ராவுல பாராசூட் பள்ளிக்கூடத்துப் பக்கத்துல 15 வருசம் குப்பை கொட்டுனவரு. அவரு சிரிச்சா அரை மணி நேரம் பேசுவாருன்னு அர்த்தம். அன்னிக்கு விமானமும் சுத்திக்கிட்டே இருந்துச்சா, யாராலயும் எந்திரிச்சுப் போக முடியல.

அவரு சொன்னதை நம்ம கெணத்துப் பாசையில சொல்றேன். நம்ம கெணத்துல எந்தப் பக்கம் வேணும்னாலும் குதிக்க முடியுமா? மேக்கால பம்புசெட்டுக் குழாய் எறங்குது. கெழக்க பாறை நீட்டிக்கிட்டு இருக்கு. வடக்க ஏத்தக்கால் நட்ட கல்லு. தெக்க ஒரு எடந்தான் சுத்தம். நான் பன்னெண்டு வயசுல வீறாப்புக்கு மேக்கால குதிச்சு, குழாய் பட்டு, இந்த எடது தோள்பட்டை இன்னும் மழைக்காலத்துல வலிக்குது. விமானமும் அந்த மாதிரிதான். நீ ஏறுற வாசலு எங்க இருக்கு? எறக்கைக்கு முன்னாடி. அதுவழியாக் குதிச்சா பின்னாடி எறக்கை இருக்கு, அதுல தொங்குற இஞ்சின் இருக்கு. பின் வாசல்ல குதிச்சா வாலோட சின்ன எறக்கை நிக்குது. வட்டம் போடுறப்பவே மணிக்கு முந்நூறு நானூறு கிலோமீட்டர் வேகம். நம்ம குழாய் ஒரே எடத்துல நின்னுச்சு. இது உன்னைத் தேடி வந்து அடிக்கும்.

இது தாழப் பறக்குறப்ப. 35,000 அடியில போறப்ப கதவைத் தொறக்கவே முடியாதுன்னாரு. உள்ள காத்தை அடைச்சு வச்சுருக்கான், வெளிய காத்தே அருகிப் போயிருக்கு. உள்ளக் காத்து கதவைப் பிடிச்சு அமுக்குற அமுக்கு பல டன்னு. நம்ம ஊரு வடம் இழுக்குற அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அப்படியே தொறந்துச்சுன்னு வையி, வெளிய குளிரு மைனஸ் 50 டிகிரி, மூச்சுக்குக் காத்து பத்தாது, ஒரு நிமிஷத்துக்குள்ள புத்தி மங்கிடும். பாராசூட்டுக் கயிறு எதுன்னு தேடுறதுக்குள்ள, கயிறுன்னா என்னன்னே மறந்துடும். தென்கொரியாவுல 2023-ல ஒருத்தன் கதவைத் தொறந்தே காட்டினானே அய்யான்னு கேக்காதே. அது தரையிறங்கப் போறப்ப, 700 அடி உயரத்துல. அவனும் குதிக்கல, காத்து அடிச்ச அடியில உள்ள இருந்தவனெல்லாம் சீட்டைக் கவ்விக்கிட்டு உக்காந்துருந்தான்.

அப்ப வெள்ளைக்காரன் மட்டும் எப்படிக் குதிக்கிறான்? இதுதான் நீ கேக்க வேண்டிய கேள்வி. நீ கேக்கல, அதனால நான் கேட்டு வச்சேன்.

சில ஜெட்டுகளுக்கு மட்டும் ஆண்டவன் தெக்குப் பக்கம் ஒரு வாசல் வச்சுருக்கான். போயிங் 727, டி.சி.-9 ரெண்டுக்கும் இஞ்சின் எறக்கையில தொங்காது, வாலுக்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கும். வாலுக்கு அடியில ஒரு படிக்கட்டு. ஏணி வண்டி இல்லாத சின்ன ஊர்ல ஆள் ஏறி எறங்கணும்னு வச்சது. இஞ்சினு மேல, வாலு மேல, நீ கீழ. குதிச்சா தடுக்க ஒண்ணும் கெடையாது. மகராசன் ஆள் ஏறுறதுக்கு வச்சான். ஒருத்தன் அதை எறங்குறதுக்குப் பயன்படுத்துனான், அதுவும் நடு வானத்துல.

1971 நவம்பர் 24. அமெரிக்காவுல போர்ட்லாந்துலேருந்து சியாட்டில் போற 727. கோட்டு, டை கட்டுன ஒரு ஆளு, டான் கூப்பர்னு பொய்ப் பேர்ல டிக்கெட் வாங்கி ஏறி, சரக்குக்கு ஆர்டர் குடுத்துட்டு, பணிப்பெண் கையில ஒரு சீட்டைக் குடுக்குறான். குண்டு இருக்குன்னு. அப்புறம் ரெண்டு லட்சம் டாலரும் நாலு பாராசூட்டும் வேணும்னான். சியாட்டில்ல எறங்குனதும் குடுத்தாங்க. எல்லாம் 20 டாலர் நோட்டு, எண்ணிப் பாரு, 10,000 நோட்டு. பயணிகளை விட்டுட்டான், 36 பேரு. மறுபடி கெளம்பச் சொல்லி விமானிக்கு அவன் போட்ட கட்டளையைக் கேளு: 10,000 அடிக்கு மேல போகாதே, சக்கரத்தை உள்ள மடக்காதே, எறக்கைத் தட்டியை எறக்கி வச்சு மெதுவா ஓட்டு. பார்த்தியா, கெணத்தோட ஆழம் பார்த்து, குழாய் எங்க இருக்குன்னு பார்த்து எறங்குன திருடன் அவன். ராத்திரி எட்டு மணிக்கு மேல, மழையில, வால் படிக்கட்டு வழியாப் போனவன் போனவன்தான். கழட்டி வச்ச டை மட்டும் சீட்டுல கெடந்துச்சு.

ஆளு செத்தானா, பொழைச்சானா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. 1980-ல கொலம்பியா ஆத்தோரத்துல ஒரு சின்னப் பய மணலை நோண்டுறப்ப 5,800 டாலர் மக்கிப்போய்க் கெடைச்சது. மிச்சம் எங்க? எஃப்.பி.ஐ. 45 வருசம் தேடிட்டு 2016-ல போதும்னு வச்சுட்டான். நம்ம ஊரு ஸ்டேசன்ல ஆடு காணாமப் போன கேசைக்கூட அம்புட்டு வருசம் பார்க்க மாட்டாங்க. அதுக்கப்புறம் அதே மாதிரி குதிக்க ஆளுக வரிசை கட்டவும், பறக்குறப்ப அந்தப் படிக்கட்டு தொறக்காதபடி வெளியில ஒரு துடுப்பு மாட்டுனாங்க. அதுக்குப் பேரே கூப்பர் துடுப்பாம். திருடன் பேரைக் கொண்டிக்கு வச்சது உலகத்துலேயே அங்க மட்டுந்தான் இருக்கும்.

திருடன் போன பாதையில அப்புறம் காசு கட்டிட்டு நல்லவங்க போனாங்க. 1990-கள்ல இல்லினாய்ல குவின்ஸிங்கற ஊர்ல நடந்த குதிக்கிற திருவிழாவுல 727-ஐ வாடகைக்குப் பிடிச்சு ஏத்திவிட்டாங்க. கலிஃபோர்னியாவுல பெர்ரிஸ்ங்கற ஊர்ல ஒரு டி.சி.-9 ஜெட்டையே இதுக்குன்னு மாத்தி, 2006-ல அரசாங்கத்துக்கிட்ட முறையா அனுமதி வாங்குனாங்க. நீ அனுப்புன படம் அதுவாத்தான் இருக்கும்னு மிலிட்டரிக்காரரு சத்தியம் பண்றாரு. அவரு சத்தியத்தை நீ நம்பாட்டியும் பரவாயில்லை. ஆனா அங்க புதுசாப் போனவனைப் படிக்கட்டுக்கிட்டயே விட மாட்டான். முன்னப் பின்ன குதிச்சுக் குதிச்சு முழங்கால் தேஞ்சவனுக்குத்தான் எடம். அந்த நாட்டுல தனியாக் குதிக்க முத லைசென்ஸ் வாங்கவே 25 தடவை குதிச்சுருக்கணும். நீ இதுவரைக்கும் பெரிய கோயில் மதில்லேருந்து குதிச்சது ஒண்ணு. அதுவும் பூசாரி தொரத்துனப்ப.

ஜெட்டுல குதிச்சா வயித்துக்குள்ள பூச்சி பறக்கும்னு நெனைக்கிறே இல்ல? தூரி ஆடுறப்ப வருமே, அந்தக் குறுகுறுப்பு. அதெல்லாம் வராதாம். வெளிய வந்த ஒடனே காத்து மெத்தை மாதிரி தாங்கிக்கிடும். குதிச்சவன் விழுகுறதுக்கு முன்னாடி, விமானம் குடுத்த வேகத்துல முன்னாடியே பறப்பானாம். அப்புறந்தான் காத்து இழுத்துப் பிடிச்சு, மணிக்கு 190, 200 கிலோமீட்டர்ல கீழ எறக்கும். இன்னொண்ணு, தயங்குனா கெட்டது. வண்டி மணிக்கு 240 கிலோமீட்டர்ல போகுதுன்னு வையி. முன்னாடி குதிச்சவன் அன்னவாசல் கடைத்தெருவுல எறங்குறான். நீ வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் குலதெய்வத்தைக் கும்பிட்டுட்டுக் குதிச்சா 4 கிலோமீட்டர் தள்ளி, சித்தன்னவாசல் மலைப் பாறையில போய் எறங்கணும். சமண முனிவரு படுத்த கல்லுப் படுக்கை அங்க இருக்கு, வேணும்னா படுத்துக்க.

நம்ம நாட்டுல பெரிய ஜெட்டுலேருந்து குதிக்கிறவன் ராணுவத்தான் ஒருத்தன்தான். இல்யூஷின்-76, நாலு ஜெட் இஞ்சின், நம்ம விமானப் படையில கஜராஜ்னு பேரு. பின்னாடி யானை வாய் மாதிரி தொறக்கும். ஒரு தடவைக்கு 126 பேரை ஏத்தலாம். 2013-ல வந்த சி-17-ல 102 பேரு. ஆக்ராவுலதான் பள்ளிக்கூடம். முதல்ல கத்துக்குடுக்குறது தானாக் கயிறு இழுக்குறதில்லை. விமானத்துக்குள்ள மேல ஒரு கம்பி ஓடும், அதுல உன் கயித்துக் கொக்கியை மாட்டணும். நீ குதிச்சா கம்பி பிடிச்சு இழுத்து, குடையை அதுவே விரிச்சு விட்டுடும். மிலிட்டரிக்காரரு இதைச் சொல்றப்ப உங்க அப்பத்தா, "நம்ம மாரியம்மன் கோயில் செடிலு மாதிரியா?"ன்னா. அவரு ஆடிப்போயிட்டாரு. அந்தக் காலத்துல நம்ம புதுக்கோட்டை சமஸ்தானத்துல முதுகுல கொக்கி குத்தி மரத்துல தூக்கிச் சுத்துவாங்கன்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டுருக்கேன். கொக்கியை உடம்புல மாட்டாம துணியில மாட்டக் கத்துக்கிட்டதுதான் முன்னேத்தம், வேறென்ன.

நீ தலைன்னு கும்பிடுறியே தோனி, அவரும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சாரு. 2015 ஆகஸ்ட்ல, கவுரவ லெப்டினன்ட் கர்னல். அவ்ளோ பெரிய மனுசன் என்ன பண்ணாரு? தரையில நின்னு குட்டிக்கரணம் போடப் பழகி, மேடையிலேருந்து குதிக்கப் பழகி, அப்புறந்தான் மேல போனாரு. அதுவும் ஜெட்டு இல்லை, ஏ.என்.-32, காத்தாடி வச்ச வண்டி. அஞ்சு தடவை குதிச்ச பொறவுதான் நெஞ்சுல எறக்கைச் சின்னம் குத்துனாங்க. உனக்கு எடுத்த ஒடனே ஜெட்டு கேக்குது.

குதிக்கத் தெரிஞ்சவன் புத்தி எப்படி இருக்கும்னு ஒரு கதை சொல்றேன். 1988 நவம்பர் 3. மாலத்தீவுல ஆட்சியைக் கவுக்கக் கூலிப்படை பூந்துடுச்சு, காப்பாத்துங்கன்னு நம்மகிட்டக் கூப்பாடு. ஆக்ராவுலேருந்து பாராசூட் படை இதே இல்யூஷின்ல ஏறுது. இந்தியாவுலேயே குதிக்கத் தெரிஞ்ச ஆளுக அவங்கதான். போய்ச் சேந்தப்ப ராத்திரி. ஹுல்ஹுலே ஓடுபாதை கையில இருக்கு. ஒருத்தனும் குதிக்கல. வண்டியையே எறக்கிட்டு, நடந்து எறங்கிப் போய் வேலையை முடிச்சுட்டாங்க. சுத்திக் கடலு, காத்துல அடிச்சுட்டுப் போனா மீனுக்குத் தீனி. மிலிட்டரிக்காரரு இதைச் சொல்லிட்டு டீயைக் குடிச்சாரு பாரு, அவரே எறக்குன மாதிரி.

பொம்பளைக கதையை விட்டா உங்க அப்பத்தா என்னை விட மாட்டா. கீதா சந்தான்னு விமானப் படை டாக்டரம்மா, 1959-லேயே குதிச்சுருக்காங்க, நம்ம நாட்டுப் பொம்பளைகள்ல முத ஆளு. புனேக்காரப் பொண்ணு சீதல் மகாஜன், 2004-ல வட துருவத்துல குதிச்சது. அதே பொண்ணு 2018-ல தாய்லாந்துல 13,000 அடியிலேருந்து சேலையோட குதிச்சது. மராட்டிக்காரங்க கட்டுற ஒன்பது கஜம். போன்ல படத்தைக் காட்டுனேன். உங்க அப்பத்தா வானத்தையும் பார்க்கல, பாராசூட்டையும் பார்க்கல. உத்துப் பார்த்துட்டு, "கொசுவத்துல எத்தனை ஊக்கு குத்தியிருப்பா?"ன்னா. 50 வருசமா இவகிட்ட நான் கத்துக்க வேண்டியது நெறைய இருக்கு.

இப்ப காசுக் கணக்குக்கு வா. துபாய்ல, பனைமர வடிவத்துல கடலுக்குள்ள தீவு கட்டி வச்சுருக்கானே, அதுக்கு மேல குதிக்க ரெண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல கேக்குறான். 13,000 அடியிலேருந்து ஒரு நிமிஷம் விழுகலாம், அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் தொங்கலாம். நம்ம காசுல பார்த்தா ஒரு பசுங்கன்னு. நம்ம ஊர்ல தென்னை மரம் ஏறுறவன் ஒரு நாளைக்கு நாப்பது மரம் ஏறி எறங்குறான், அவனுக்கு நாமதான் காசு குடுக்குறோம். மேல போயிட்டு வர்றதுக்கு அவன் குடுக்கணும்னு யாருக்கும் தோணல பாரு. உங்க ஷேக்குக்குத் தோணிருச்சு. நம்ம சமஸ்தானத்து அம்மன் காசு இன்னும் ஒண்ணு பெட்டியில கெடக்கு, வேணும்னா முன்பணமா அனுப்பி வைக்கிறேன்.

அதுவும் ஜெட்டு இல்லை, சின்னக் காத்தாடி வண்டி. நீ தனியாவும் குதிக்க மாட்டே. பழகுனவன் ஒருத்தன் நெஞ்சுல உன்னைக் குரங்குக்குட்டி மாதிரி கட்டிக்குவான். வெக்கப்படாதே. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ்ஷு 2014-ல தன்னோட 90-வது பொறந்த நாளைக்கு அப்படித்தான் ஒருத்தர் மடியில கட்டிக்கிட்டு ஹெலிகாப்டர்லேருந்து குதிச்சாரு. எனக்கு 78. இன்னும் 12 வருசம் இருக்கு, நான் அவசரப்படல.

பெரிய குடை விரியலைன்னா சின்னக் குடை ஒண்ணு அதே மூட்டையில இருக்கும். ரெண்டையும் இழுக்க மறந்து மயங்கிட்டாக்கூட, உயரம் பார்த்துத் தானா விரிச்சு விடுற பெட்டி ஒண்ணு உண்டாம். அதை மாட்டியிருக்கானான்னு கேளு. வாய்விட்டுக் கேளு. நீ ஓட்டல்ல சாம்பார் இன்னும் கொஞ்சம் கேக்கவே கூச்சப்படுற பய, அதான் சொல்றேன். காத்து எம்புட்டுன்னு கேளு. அதிகம்னா இன்னொரு நாள் வர்றேன்னு எந்திரிச்சு வா. முன்னாடி நாள் ராத்திரி புரோட்டாக் கடைப் பக்கம் போகாதே. சோத்தைக் கொறைச்சுத் தின்னு, நாலு கையெழுத்துப் போடச் சொல்லுவான், படிச்சுட்டுப் போடு. எறங்குறப்ப காலைத் தூக்கு. கெணத்துலயும் அதான், காலைப் பரப்புனவன் எவனும் சிரிச்சுக்கிட்டு மேல வந்ததில்லை.

அந்த ஆயுத பூசை ராத்திரிக் கதையை முடிக்கல பாரு. திருச்சியில தீயணைப்பு வண்டி, ஆம்புலன்சு எல்லாம் நிக்குது. நம்ம ஊர்ல பொம்பளைக மாவிளக்கு வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறாங்க. 8.15 வாக்குல பத்திரமா எறங்கிடுச்சு, ஒருத்தருக்கும் கீறல் இல்லை. பாராசூட்டு கேட்ட பய மட்டும் மொகத்தைத் தொங்கப் போட்டுட்டுத் தூங்கப் போனான்.

நீ போ, குதி. தேதியை மட்டும் ரெண்டு நாள் முன்னாடி எனக்குச் சொல்லிடு. அன்னிக்கு உங்கம்மா போனுக்குச் சார்ஜர் காணாமப் போயிடும், அதை நான் பார்த்துக்கறேன். எறங்குன ஒடனே ஒரு மிஸ்டு கால் குடு.